கறையில்லா மணல்

நாற்பத்திரண்டாவது இடத்தில் மண்செவி வாயைத் திறக்கவில்லை.

ஜெசிந்தா அந்தக் கருவியின் கோலை இன்னும் ஒரு முழம் ஆழமாக இறக்கினாள். நிலம் கேட்டுச் சொல்வதில் பதினோரு வருட அனுபவம் அவளுக்கு. பக்கத்தில் ஆவுடையப்பன் செவிக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு முனகல்கூட இல்லை.

"மிசின் கெட்டுப்போச்சா தாயி?"

"மிசின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மண்ணுதான் பேச மாட்டேங்கு."

மனிதன் உடைந்து அழும்போது கண்ணீரில் கசியும் சில மூலக்கூறுகளை மண் விழுங்கி, அடுக்கடுக்காகச் சேர்த்து வைக்கிறது என்று கண்டுபிடித்துப் பதினைந்து வருடமாகிறது. மண்செவி அதைப் படித்து ஒலியாக்கும்; துயரம் இருந்தால் அதன் விளக்கு சிவக்கும், இல்லையென்றால் பச்சை. எந்த வருடம், எந்த மாதம், எவ்வளவு துயரம் என்று கணக்காகச் சொல்லும். என்ன துயரம் என்று மட்டும் சொல்லத் தெரியாது. நம் சனங்களுக்கு அது போதாதா? ஜாதகத்தை மூட்டை கட்டிவிட்டு, கல்யாணத்துக்கு யாரும் அழாத மண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கல்யாண மண்டபங்கள் முதலில் ஈயோட்டின. பிறகு தோப்புகளும் ஆற்றங்கரைகளும்.

ஆவுடையப்பனின் மகள் உலகம்மைக்கு இது இரண்டாவது முகூர்த்தம். முதல் முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை விடியலிலேயே ஓடிப்போக, ஜோடித்த மணவறையில் அவள் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அந்த மண்டபத்து மண்ணைக் கேட்டபோது விளக்கு செக்கச் சிவப்பாக எரிந்தது. "கறை பட்ட மண்ணுல இனி உக்கார மாட்டேன்ப்பா. நல்ல மண்ணு கெடைக்கலன்னா கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். நாள் பன்னிரண்டுதான் மிச்சம்.

முதலில் போய்ப் பார்த்தது ஆற்றங்கரை இலுப்பைத் தோப்பை. முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஆவுடையப்பன் தாலி கட்டிய இடம் அது. கோல் இறங்கியதுமே சிவப்பு. சரியாக அந்த வருடத்து அடுக்கில் ஒரு முனகல். நம் கல்யாணத்தன்று யாருக்கு என்ன கேடு நடந்தது என்று அவர் மருகினார். மனைவி சிவகாமியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த நாற்பத்திரண்டாவது இடம் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய மட்டும் குங்குமச் சிவப்பில் மணல், காற்று கொண்டுவந்து குவித்தது. நடுவில் ஏழெட்டுப் பனைகள். மூன்று ஆள் ஆழத்துக்கு யாரும் அழுததில்லை. இத்தனை ஆயிரம் வருடம் மனிதர்கள் அழுது தீர்த்த பூமியில் இப்படியும் ஒரு கைப்பிடி இடமா? ஆவுடையப்பனுக்கு மெய் சிலிர்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டார்.

கல்யாணத்தன்று, இப்போதைய வழக்கப்படி, மணவறை முன்னால் மண்செவியை நட்டார்கள். பச்சை விளக்கு எரிய, வந்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இங்கே யாரும் அழக் கூடாது என்பது நிலக்காரரின் கட்டளை. தைரியமாக இருப்பேன் என்று ஆவுடையப்பனும் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை நம்பியின் கையில் வைத்தார். சிவகாமி நீர் ஊற்றினாள். உலகம்மையின் சுண்டுவிரலில் பழைய தழும்பு, சைக்கிள் பழகும்போது பட்டது. அன்று பிடியை விட்டது அவர்தான். இன்றும் விடத்தான் வேண்டும். அவ்வளவுதான், உடைந்துவிட்டார்.

விளக்கு சிவந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

உலகம்மை கையை நீட்டிச் செவிக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டாள். எழுந்துவிடுவாளோ என்று எல்லோருக்கும் பதைத்தது. வெகுநேரம் கேட்டாள்.

"இது நீங்களாப்பா?"

"தப்புத்தான் தாயி. அடக்க முடியல."

ஜெசிந்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, இதே சத்தத்த அந்த இலுப்பத் தோப்புல கேட்டோம். பொருத்திப் பாக்கேன், அச்சு அசலா இருக்கு. ஒண்ணு ரெண்டில்ல, நூத்திப்பத்து அடுக்கு. அம்புட்டும் கல்யாண மாசம். முப்பத்தோரு வருசத்துக்கு முந்தினதும் இதுதான்."

ஆவுடையப்பன் சிவகாமியைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கல்யாணத்தன்று அவருடைய மாமனார் மகள் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று இத்தனை வருடம் சிவகாமியிடம் குத்திக்காட்டியிருக்கிறார் இவர். சிவகாமி கையிலிருந்த செம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

"அய்யரே, தாலிய எடுத்துக் குடுங்க" என்றாள் உலகம்மை. எழுந்திருக்கவில்லை.

சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே தாலி ஏறியது.

சாயங்காலம் வாழைமரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வண்டி வந்தது. அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர், கையோடு ஒரு மண்செவியும் கொண்டுவந்திருந்தார். நட்டார், பார்த்தார், முகம் கறுத்தது.

"நேத்து வரைக்கும் சுத்தமா இருந்த மண்ணாச்சே. இங்க என்ன கேடு நடந்துச்சு?"

"கல்யாணம் நடந்துச்சு" என்றார் ஆவுடையப்பன்.

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோலைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு, வேறு இடம் தேடப் போய்விட்டார்.