குறிஞ்சியைத் தொட்ட கை

காலையில் பல் விளக்கும்போதே, முடியாத பணிகளைக் கணக்கு வைக்கும் சுவர்ப் பதிவி ஆரம்பித்துவிடும். "உங்கள் வீட்டில் திறந்த பணி ஒன்று: மின்விசிறி." மாசிலாமணி வாயில் நுரையோடு தலையாட்டுவான். போன மாதம் கழற்றியதை இன்னும் மாட்டியபாடில்லை. அதனால்தான் மச்சினன் கல்யாணத்துக்கு மதுரை போக முடியவில்லை. கோவை ரயில் நிலையத்தின் கதவே அவனுக்குத் திறக்கவில்லை. மாமியார் வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முடிப்புச் சட்டம் வந்து நாற்பது வருடம் ஆகிறது. பாதியில் விட்ட கட்டடம், பாதியில் விட்ட பாலம், பாதியில் விட்ட சைக்கிள் என்று நாடே குப்பையாகிப் போனபோது போட்ட சட்டம். யாரும் எதையும் கழற்றலாம். ஆனால் கழற்றியவர் அதை முடிக்கும்வரை மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது. மின்விசிறி வரைக்கும் அது நல்ல சட்டம்தான்.

இப்போது அவனைப் போட்டு ஆட்டுவது ஒரு கார். 2031ஆம் ஆண்டுக் குறிஞ்சி. ஸ்டியரிங் வைத்து, பெட்ரோல் ஊற்றி, மனிதன் ஓட்டிய கடைசிக் கார்களில் ஒன்று. மொத்தமே இருநூறு சொச்சம் செய்தார்களாம். பொள்ளாச்சியில் ஒன்று பாதி கழற்றிய நிலையில் விற்பனைக்கு என்று பார்த்த நாளிலிருந்து ஐந்து வாரமாக அவனுக்குத் தூக்கம் சரியில்லை. வாங்கலாம் என்று எழுவான், வேண்டாம் என்று சாப்பிடுவான், வாங்கினால்தான் என்ன என்று படுப்பான்.

மனைவி பூங்கொடிக்கு அடுத்த மாதம் நாகர்கோவிலுக்கு மாற்றல். காரை எடுத்தால் அவன் போக முடியாது. முடிக்க நான்கு வருடமோ, ஆறோ. "உங்க இஷ்டம்" என்றுதான் அவள் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் மேலும் குழம்பினான்.

பொள்ளாச்சியில் கொட்டகையைத் திறந்துவிட்ட ரெஜினாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காரை வாங்கிப் போட்ட கணவர் ஆறு வருடம் முன்பு இறந்ததும் பணி அவர் பெயருக்கு வந்துவிட்டது.

"கையுறை போட்டுக்கிட்டுப் பாருங்க தம்பி. கை பட்டா வம்பு" என்றார்.

வெறுங்கை பட்டு ஒரு பாகம் அசைந்தாலே பணி தொட்டவர் பெயருக்கு மாறிவிடலாம் என்பதால், வாங்க வருபவர்கள் தடித்த துணி உறைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் எதையும் பார்ப்பார்கள். மாசிலாமணி குனிந்தான். பச்சை வண்ணம் உரிந்திருந்தது. எஞ்சின் பாகங்கள் சாக்கில் பரத்திக் கிடந்தன. அழகாக இருந்தது, அவலமாகவும் இருந்தது.

"ஆறு வருசமா வச்சிருக்கீங்களாக்கா?"

"வச்சிருக்கலீங்க, மாட்டிக்கிட்டிருக்கேன். தங்கச்சி தூத்துக்குடில. கண்ணு போயிருச்சு அவளுக்கு. போன்ல என் குரல மட்டும் கேட்டுக்கிட்டுக் கிடக்கறா."

வியர்வையைத் துடைக்க உறையைக் கழற்றினான். கதவுக் கீலில் ஒரு நட்டு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. விழப்போகும் நட்டைப் பார்த்தால் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

"தம்பி, வேண்டாம்" என்று ரெஜினா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குள் நட்டு அரைச் சுற்று திரும்பிவிட்டது.

உத்தரத்தில் இருந்த பதிவி விழித்தது. "புதிய கை பட்டுள்ளது. பணி யாருடையது? முப்பது நொடிக்குள் சொல்லவும்."

"தெரியாம பட்டுச்சுன்னு நான் சொல்லிர்றேன். நீங்க கெளம்புங்க" என்றார் ரெஜினா. சும்மா இருந்திருந்தால் அவர் தப்பித்திருக்கலாம்.

"உங்க தங்கச்சிய யாருக்கா பாக்கறது?"

"பாவம் பாத்து வாங்காதீங்க. எங்க வீட்டுக்காரரும் சூலூர்ல ஒருத்தர் அழுதாருன்னுதான் இத வாங்குனாரு. அவரும் இன்னொருத்தருக்குப் பாவம் பாத்தவராம். ஆசப்பட்டு யாருமே வாங்கல, அதான் யாருமே முடிக்கல. உங்களுக்கு வண்டி வேணுமா? அத மட்டும் சொல்லுங்க."

மாசிலாமணி காரைப் பார்த்தான். ஐந்து வாரமாக வேண்டும் என்று தோன்றியதெல்லாம் இந்தக் காரா, அல்லது தன் வாழ்வில் ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்துவிடும் ஆசையா? இப்போது தன்னை இழுப்பது காரா, இந்த அம்மாளா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பத்து நொடி என்றது பதிவி.

"என்னுது" என்றான்.

ரெஜினா அவனைக் கோபமாகத்தான் பார்த்தார். பிறகு சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதார். அழுதபடியே தங்கையை அழைத்து, "கெளம்பிட்டேன்டி" என்றார். அந்தப் பக்கம் தங்கை சத்தமாகச் சிரித்தாள்.

மாசிலாமணி வெளியே வந்தபோது பூங்கொடி அழைத்தாள். நாகர்கோவிலில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், இரண்டு பேருக்குத் தாராளமாக இருக்கும் என்றும் சொன்னாள்.

"பூங்கொடி, வண்டி என் பேருக்கு மாறிருச்சு."

"புடிச்சிருந்துச்சா?"

"தெரியல."

அவள் கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப ஒருத்தருக்கு மட்டும் போதற மாதிரி சின்னதாப் பாக்கட்டுங்களா?"