தங்கச்சியின் நகம்

வெள்ளிக்கிழமை பூசிய மருதோண்டி, அடுத்த வெள்ளி பிறக்கும் முன்னமே நகத்தின் பாதிக்கு ஏறியிருந்தது.

கிணற்றடியில் கை கழுவும்போதுதான் அஜந்தா அதைக் கண்டாள். நகத்தில் பிடித்த சிவப்பு, நகம் வளர வளரத்தான் நுனிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு மாசக்கணக்காகும். இங்கே அதற்குள் கீழ்ப்பாதி புதிதாய் முளைத்து நின்றது, நனைந்த சிப்பியின் உட்பக்கம்போல, இளஞ்சிவப்பாய், ஒரு கீறலும் இல்லாமல். அவள் கையில் அப்படியொரு நகம் ஒருநாளும் முளைத்ததில்லை.

அது யாருடைய நகம் என்று அவளுக்குத் தெரியும்.

தன்னாமுனையில் வாவிக்கரையோரம் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் அஜந்தாவும் மகள் டிலக்சியும். புருஷன் சுதாகரன் கட்டார் நாட்டில் வேலை. மற்றதில் தாய் அன்னப்பூரணியும் தங்கச்சி விதுர்ஷாவும். அஜந்தா இறால் வாடியில் தோல் உரிக்கிறவள். பொழுதுபடும் மட்டும் ஐஸ் தண்ணிக்குள்ளேயே கை. நகங்கள் வெளிறி, வரிவரியாய் வெடித்து, நடுவில் குழி விழுந்து கிடந்தன. விதுர்ஷாவுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை. அங்கே வருகிற வெள்ளைக்காரப் பெண்களின் கையைக் கழுவி, நகத்தை ராவி, எண்ணெய் பூசி விடுகிறவள்.

பின்னேரம் ஹோட்டல் வான் வந்து நின்றால் போதும். டிலக்சி ஓடிப்போய்ச் சின்னம்மாவின் மடியில் தலையைப் போட்டுவிடுவாள், பேன் பார்க்கச் சொல்லி. விதுர்ஷாவின் நகங்கள் முடிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். டிக், டிக் என்று பேன் குத்துகிற சத்தம் கேட்கும். பிள்ளை சொக்கிப்போய்க் கண்ணை மூடுவாள்.

ஒருநாள் அஜந்தா கூப்பிட்டாள். "இஞ்ச வா மகள், நான் பாக்கிறன்."

"வேணாம்மா. உங்கட நகம் முடியில கொழுவுது. இறால் மணம் வேற."

விதுர்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அக்காவின் கையை இழுத்து, பெருவிரல் நகத்தை அமத்தி விட்டாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே நின்றது.

"பாத்தீங்களா அக்கா, விட்ட உடன சிவக்கோணும். உங்களுக்கு ரத்தம் காணாது போல. நகமும் கரண்டி மாதிரிக் குழிஞ்சிருக்கு. ஒருக்கா ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிச்சுப் பாருங்க. வாடியில கையுறை போடுங்க. வேலை முடிஞ்சா ஈரத்தத் துடைச்சிட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்க."

"ஓம், நகத்துக்கு டொக்டர் வந்திட்டா," என்றாள் அஜந்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நெஞ்சுக்குள் கொச்சிக்காய் அரைத்துப் பூசினமாதிரி எரிந்தது. அந்தக் கை இரண்டும் எனக்கிருந்தால், என்று நினைத்தாள். அந்தக் கை மட்டும்.

அவளைக் குறை சொல்லிப்போடாதீங்க, கதை கேக்கிற பிள்ளைகள். நாள் முழுக்க விறைத்த கையோடு வீட்டுக்கு வருகிறவளுக்கு அந்தச் சின்னத் தலை ஒன்றுதான் சொந்தம். அதுவும் வேறொரு மடியில் கிடந்தது.

வாடிப் பெண்டுகள் வெள்ளிக்கிழமைகளில் மருதோண்டி அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி போடுவார்கள். நகம் இறுகும், இறால் முள் ஏறாது என்று. அந்த வெள்ளிக்கிழமை, விதுர்ஷா தன் நகத்தை வெட்டிக் கடதாசியில் சுருட்டிச் செவ்வரத்தைச் செடியடியில் தாட்டுவிட்டுப் போனதை அஜந்தா கண்டாள். வெட்டின நகத்தைக் கண்ட இடத்தில் போடாமல் மண்ணுக்குக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். மண்ணுக்குக் கொடுத்ததை அவள் கிண்டி எடுத்தாள். அம்மியில் மருதோண்டி இலையோடு சேர்த்து வைத்தாள். சோற்றுக்குள் மணல் கடிபடுகிறமாதிரிச் சத்தம் கேட்டது. அது கேட்காமல் போகும்வரை அரைத்தாள். பத்து விரலுக்கும் அப்பித் துணி சுற்றிக்கொண்டு படுத்தாள்.

இப்போது நகம் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் டிலக்சியைத் தன் மடிக்கு இழுத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தலையைக் கொடுத்தாள். அஜந்தாவின் விரல்கள் அந்த முடிக்குள் தாமாகவே இறங்கின, தண்ணிக்குள் மீன் இறங்குவதுபோல, காதுக்குப் பின்னால் ஒரு வட்டம், பிடரியில் ஒரு வட்டம் என்று, அவள் எங்கேயும் பழகாத ஒரு ஒழுங்கோடு. டிக். டிக்.

"சின்னம்மா," என்று முனகினாள் பிள்ளை.

"அம்மா மகள் இது."

டிலக்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஓம், அம்மாதான்." திரும்பவும் மூடிக்கொண்டாள். "கைதான் சின்னம்மாட."

அடுத்தடுத்த நாள்களில் காலையில் ஹோட்டல் வான் வந்து ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கியது. விதுர்ஷா வேலைக்குப் போகவில்லை. அன்னப்பூரணி வேலியடிக்கு வந்து, "என்னெண்டு தெரியா மகள், வாசற்படி ஏற மூச்சு வாங்குறாள். ரத்தம் ஏத்தினாங்க. ஏத்தின ரத்தம் எங்க போகுதெண்டு டொக்டர்மாருக்கே விளங்கல்ல," என்று கண்ணைத் துடைத்தாள்.

அஜந்தா போய்ப் பார்த்தாள். கதவு திறந்ததும் அறைக்குள்ளிருந்து இறால் மணம் வந்தது.

"கழுவிக் கழுவிப் பாத்திட்டன் அக்கா, போகுதில்ல," என்றாள் விதுர்ஷா, பாயில் படுத்தபடி. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். வெளிறிய நகங்கள். வெடித்த நகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளித் தண்ணி நிற்கக்கூடிய குழி. "வாடிக்குப் போறது நீங்க, நகம் பழுதாப் போறது எனக்கு. நல்ல நியாயம்." சிரிக்கப் பார்த்து இருமினாள்.

அஜந்தா தன் கைகளைச் சேலைக்குள் ஒளித்தாள். சேலைக்குள் நகங்கள் ஒன்றோடொன்று தட்டின. டிக். அவள் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து நகவெட்டியைத் தேடி எடுத்தாள். வெட்டித் திரும்பவும் அந்த மண்ணுக்கே கொடுத்துவிட வேணும். சின்னவிரலில் வைத்தாள். அந்த நேரம் டிலக்சி வந்து கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, பேன் பாருங்க." தானாக வந்து கேட்டாள். முதல்தரம்.

அஜந்தா நகவெட்டியைக் கீழே வைத்தாள். நாளைக்கு வெட்டலாம்.

மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாளும்.

விளக்கு வைக்கிற நேரம் அது. வாவியிலிருந்து வந்த காற்றில் கண்டல் சேற்று நாற்றமும் நீர் கரையை நக்குகிற சத்தமும் கலந்து வர, வாசலில் மகளை மடியில் போட்டுக்கொண்டு, வேலிக்கு அங்கால் தங்கச்சி இருமுவதைக் கேட்டும் கேளாதவள்போல அவள் இருந்தாள். இருமல் கொஞ்சம் நின்றது. பிறகு வந்தது. நின்றது.

வரவில்லை.

தவளைகள் கத்துவதும் நின்றது.

"ஐயோ, என்ட புள்ள!" அன்னப்பூரணியின் குரல்.

அஜந்தா எழும்பப் பார்த்தாள். இடுப்பு எழும்பியது. முழங்கால் எழும்பியது. கை வரவில்லை. இழுத்தாள். முழங்கைவரை அவளுடையது. அதற்கு அங்கால் இல்லை.

அந்தக் கைகளின் பத்து நகத்திலும் அடியிலிருந்து நீலம் ஏறியது. ஒன்று. மற்றது. மற்றது.

விரல்கள் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு வட்டம். பிடரியில் ஒரு வட்டம்.

டிக்.

"மகள், எழும்பு. ஓடு," என்றாள் அஜந்தா.

டிலக்சி கண்ணைத் திறக்கவில்லை. ஐஸாய்க் குளிர்ந்த அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

"போகாதீங்க சின்னம்மா."

கைகள் இரண்டும் பிள்ளையின் முகத்தை மெதுவாய் ஏந்திக்கொண்டன. அஜந்தா ஏந்தவில்லை.