நூற்றி இருபத்தெட்டு கிலோ

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மூன்றாம் நாள் மத்தியானம். காளீஸ்வரி முன்னறை நாற்காலியில் சாய்ந்து, மருந்து மூடியில் ஊற்றிய முப்பது மில்லி மோரைக் கால் மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே படுக்கையறையில் கட்டில் முனகியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முனகல். உட்காருவதற்கு ஒன்று, காலைத் தூக்கி மேலே போடுவதற்கு ஒன்று. பத்து வருசமாக அந்தத் தேக்குக் கட்டில் அவளுக்கு மட்டும்தான் அப்படி முனகும். அவள் புருசன் பூவனலிங்கம் ஒல்லி. அவன் ஏறிப் படுப்பது கட்டிலுக்கே தெரியாது. அவன் இப்போது பின்கட்டில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். வீட்டுவேலை செய்யும் பெத்தம்மாள் அடிகுழாயில் நின்றாள்.

பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயப்படவும் தெம்பில்லை. இரைப்பையோடு சேர்த்துப் பசி, கோபம், அழுகை எல்லாவற்றையும் வெட்டி வீசிவிட்டார்களோ என்னவோ, உள்ளே எதுவுமே அசையவில்லை. வெந்த வெல்லத்தின் வாசம் வீடு முழுக்க அடித்தது. ஒரு காலத்தில் அந்த வாசத்துக்கே வாயில் எச்சில் ஊறும். இப்போது மூக்கில் ஏறி, அங்கேயே நின்றது.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள் எடை நூற்றி இருபத்தெட்டு கிலோ. மினி பஸ் கண்டக்டர் சிரிக்காமல் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்த அன்றைக்குத்தான் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் என்று முடிவெடுத்தாள். பதினைந்து நாள் வெறும் மோரும் பருப்புத் தண்ணியும் பவுடர் பாலும். மூச்சு பலப்பட வேண்டுமென்று பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, டப்பாவுக்குள் மூன்று பந்துகளையும் மேலே நிறுத்தப் படாத பாடு பட்டாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் அவளைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் பூவனலிங்கம் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தான். பசுவந்தனைப் பக்கத்து ஓடைக்கரையில் இருக்கும் குலசாமிக்கு வேண்டுதல். "இவ நல்லபடியா எந்திரிச்சிட்டா முப்பதாம் நாள் எடைக்கு எடை வெல்லம் தாரேன் தாயே."

காளீஸ்வரி பதறிப்போனாள். "ஊரே பாக்க என்னைய தராசுல ஏத்தப் போறீங்களா? நாண்டுக்கிட்டுச் சாவேன். மெலிஞ்ச பெறவு குடுப்போம்ங்க."

"ஏட்டி, சாமிகிட்ட நாள் சொல்லியாச்சு."

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பேசவும் செய்தாள். ஆபரேஷன் அறைக்குத் தள்ளுவண்டியில் மல்லாந்து போகும்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். இது நான் இல்ல தாயே. இந்தத் தடிச்சிய நீயே வச்சுக்கிட்டு என்னைய மட்டும் திருப்பி அனுப்பு.

முப்பதாம் நாள் வந்தது, போனது. எடை மளமளவென்று இறங்கியது. நூறு. எண்பத்தாறு. பார்க்க வந்தவர்களெல்லாம் "அடையாளமே தெரியலியே" என்றார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது எல்லாருக்கும் கொட்டுவதுதான், சத்து மாத்திரையை விடாதீர்கள் என்றார் டாக்டர். ராத்திரியில் கட்டிலில் அவள் வழக்கமாகப் படுக்கும் இடப்பக்கம் மெத்தை பள்ளமாகவே கிடந்தது. புதுப் பஞ்சு அடைத்தும் பள்ளம். காலையில் அதில் கையை வைத்தால் வேர்வையும் கதகதப்பும். அவள் விளிம்பில் ஒண்டிப் படுத்தாள். ஆடி மாசத்தில் விளிம்பிலும் இடமில்லாமல் போனது. தரையில் பாய் விரித்துக்கொண்டாள். ஏன் என்று புருசன் கேட்கவில்லை.

ஒருநாள் கொடியில் அவளுடைய பழைய ஜாக்கெட்டுகள் காய்ந்தன. டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவை. அக்குளில் வேர்வைக் கறை.

"இத யாரு எடுத்தா?"

பெத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கண் காளீஸ்வரியின் முகத்தைத் தேடி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. "நேத்து நீங்கதான போட்டிருந்திய அக்கா."

"நானா?"

"இப்பதான் வயிறு நெறைய சாப்பிடுதிய. மூணு தட்டுச் சோறு. பாக்கவே நல்லாருக்கு."

காளீஸ்வரி அன்றைக்கு அரைக் கிண்ணம் இட்லி மாத்திரம் பிசைந்து தின்றிருந்தாள். அழ வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

அறுபதில் நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறதே என்றார். நாற்பத்தொன்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேர்ந்துகொண்டதை முடிக்காமல் விட்டது தப்பு. அம்மன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வெல்லத்தைக் கொடுத்துவிட்டால் இறங்குவது நின்றுவிடும். நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் மூன்று மாசத்தில் அவளிடம் இறங்குவதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

ஐப்பசி செவ்வாய்க்கிழமைக்கு வேன் பிடித்தார்கள். காலையில் மெஷினில் ஏறினாள். முப்பத்தெட்டு.

பூவனலிங்கம் வெல்லச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் முப்பது கிலோ. ஐந்து ஏற்றினான்.

"ரெண்டு போதுமேங்க."

அவன் திரும்பவில்லை. வேன் கதவைத் திறந்து, யாரோ ஏறுவதற்காகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். வேன் ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. காளீஸ்வரி இன்னும் வாசற்படியில்தான் நின்றாள். ஓடிப்போய் பின்சீட்டு ஓரத்தில் ஏறிக்கொண்டாள்.

மூன்று நாள் மழை. ஓடைக்கரைக் கரிசல் களியாகக் கிடந்தது. பெத்தம்மாள் குச்சியை எடுத்து உள்ளங்காலில் அப்பிய மண்ணைச் சுரண்டினாள். பூவனலிங்கமும் சுரண்டினான். காளீஸ்வரி தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

புளியங்கிளையில் கோயில் தராசு தொங்கியது. கனத்த சங்கிலி, ரெண்டு பலகைத் தட்டு. பூசாரி சாமித்துரை திருநீறு பூசி, "ஏறும்மா" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவள் ஏறி உட்காருவதற்குள் தட்டு தரையில் போய் முட்டியது.

பலகையில் உட்கார்ந்த மாதிரி இல்லை. மெத்தென்றிருந்தது. சூடாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ பொங்கித் தணிந்தது. மூச்சு. அவளுக்குத் தெரிந்த மூச்சு. மாடிப்படி ஏறினால் இழுக்குமே, அந்த மூச்சு.

முதல் சிப்பம். தராசு அசையவில்லை.

ரெண்டாவது. மூன்றாவது.

நாலாவது.

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. பூவனலிங்கம் ஐந்தாவதை அவிழ்த்து, அச்சு அச்சாக எடுத்து வைத்தான். கூட எட்டு கிலோ. தட்டு தரையை விட்டு எழும்பியது. குலவை கேட்டது.

"நெறைஞ்சிட்டு," என்றார் பூசாரி. "எறங்கு தாயி."

அவள் இறங்கினாள்.

தராசு அப்படியே நின்றது. ஒரு நூல் அளவுகூட ஆடவில்லை.

பூவனலிங்கம் வந்தான். அவளைத் தாண்டிப் போனான். வெறும் தட்டை நோக்கி ரெண்டு கையையும் நீட்டினான். "பாத்து எறங்கு காளி. வழுக்குது." ஏழு மாசமாக அவள் கேட்காத குரல் அது. பிரியமான குரல்.

தட்டு விசுக்கென்று மேலே போனது. அந்தப் பக்கம் வெல்லம் தொப்பென்று இறங்கியது. களிமண்ணில் ஒரு பாதம் பதிந்தது. அகலமான பாதம். அதில் தண்ணீர் ஊறியது. பக்கத்தில் இன்னொன்று. பெத்தம்மாள் குடையை விரித்துப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"ஏங்க."

யாரும் திரும்பவில்லை.

"ஏங்க! நான் இங்கன நிக்கேன்!"

வேன் ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. போய்விட்டது.

பூசாரி வெல்லத்தை எல்லாம் உள்ளே எடுத்துப்போய்விட்டார். எதிர்த்தட்டில் உடைந்த வெல்லத் துண்டு ஒன்று கிடந்தது. நெல்லிக்காய் அளவு. எறும்பு மொய்த்தது.

காளீஸ்வரி சங்கிலியைப் பிடித்து, மேலே நின்ற தட்டில் ஏறினாள். நடுவில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

காத்திருந்தாள்.

தட்டு இறங்கவில்லை.