அசல் என்று எடுத்துக்கொள்ளும்

திரையின் மேல்விளிம்பில் பச்சையாக இருக்க வேண்டிய பட்டை சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் நிரல் அசல் சர்வரில் ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய மடிக்கணினியில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஏசியின் ஈர நாற்றமும் யாரோ மூடாமல் வைத்த சாப்பாட்டு டப்பாவின் வாடையும் கலந்து தேங்கி நின்ற ஆபீஸ் அறையில்.

"மடையன்," என்றான். இவனுக்கு முன் அந்த வேலையில் இருந்தவனுக்கு இவன் வைத்த பெயர் அது. மருத்துவமனை ஒன்றுக்காக பி.எச்.பி. என்ற கணினி மொழியில் அவன் எழுதிய நிரல், எதையும் செய்யுமுன் தான் எங்கே ஓடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளும். சோதனைக் கணினி என்றால் நோயாளி இறந்த செய்தி ஒரு ஃபைலில் விழுந்து கிடக்கும். அசல் என்றால் உறவினரின் ஃபோனுக்கே போய்விடும். இடத்தைச் சொல்வதற்கென்று ஒரு சின்ன செட்டிங் ஃபைல் இருந்தது. குப்பை என்று காலையில்தான் இவன் அதை அழித்திருந்தான். அடுத்தவன் எழுதிய எதுவும் இந்தப் பெரிய மனிதனுக்குக் குப்பைதான்.

பக்கத்து மேஜையில் டெஸ்டிங் பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், அந்த ஃபைல் இல்லன்னா அசல்னு எடுத்துக்கும். அப்படித்தான் எழுதியிருக்கு."

"எனக்கே பாடமா? உங்க வேலையப் பாருங்கம்மா."

சொல்லி முடிப்பதற்குள் நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒரு சோதனை ஓட்டியிருந்தான். இறந்தவர் பெயருக்குத் தன் பெயர். உறவினர் எண்ணுக்கு மனைவியின் எண். வேறு எந்த எண்ணும் அவனுக்கு மனப்பாடம் இல்லை. மடையர் பட்டியலில் அவன் சேர்க்காத ஒரே ஆள் அவள்.

ஃபோனில் அவளிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தான்.

"இங்க பாரு, அது சும்மா டெஸ்ட் மெசேஜ். நான் ஆபீஸ்லதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் சொட்டியது. "யாருங்க நீங்க? அவர் ஃபோன் எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"நான்தான்."

"பிணவறைல நிக்கிறேன்ங்க. துணிய விலக்கிக் காட்டிட்டாங்க. அவர்தான்."

எந்த முட்டாள் எவன் பிணத்தைக் காட்டித் தொலைத்தானோ. "வீடியோ போட்டு அந்த மூஞ்சியக் காட்டு," என்று அதட்டினான்.

படம் ஆடியது. டியூப்லைட். இரும்பு மேஜை. வெள்ளைத் துணி.

அவன் முகம். இன்றைய சட்டை.

"ஹலோ," என்றான். அந்த உதடுகள் அசைந்தன.

"யாரு நீ?"

அசைந்தன. அதே சொற்கள். சத்தமில்லை.

ஃபோனை மேஜையில் சாய்த்துவிட்டு இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். உதடுகள் நிற்கவில்லை. மனைவி குனிந்து அந்த வாயருகே காதை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"சரிங்க," என்றாள் அதனிடம். "வீட்டுக்குப் போலாம்."