நண்பகல் மணிக்கு வருகிறவள்

அம்மா தன்னை ‘நீங்க’ என்று கூப்பிடுகிறாள் என்பதைப் புஷ்பமேரி வந்த மூன்றாம் நாள்தான் கவனித்தாள்.

“இன்னும் கொஞ்சம் களி வெக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு லூர்தம்மாள் விருந்தாளிக்குப் பரிமாறுகிறவள்போல் சற்றுத் தள்ளி நின்றாள். இதே வாய்தான் ஒரு காலத்தில் ‘ஏண்டி, தின்னுட்டு எந்திரிடி’ என்று அதட்டியது. எட்டு வருடம் பார்க்காவிட்டால் பெற்றவளுக்கும் கூச்சம் வந்துவிடும்போல என்று புஷ்பமேரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 

1966-ல் நர்ஸ் வேலைக்காகப் பங்குச் சாமியார் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்த பெண்களில் அவளும் ஒருத்தி. மூன்று வருடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று எட்டாகிவிட்டது. நடுவில் அப்பா யாகப்பன் இறந்த தந்தி அவள் கைக்குக் கிடைத்தபோது இங்கே அடக்கமே முடிந்திருந்தது. இனி அம்மாவைத் தனியே விடுவதில்லை என்று வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள். பம்பாய், மெட்ராஸ், ஒரு ரயில், பாலக்கோட்டிலிருந்து ஒரு பஸ். அம்மாவுக்கு மறுபடி மகளாக இருக்க வேண்டும். வேறு எந்த எண்ணமும் அவளிடம் இல்லை.

உடம்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே அவளுக்கு எப்போதும் இரவு டியூட்டிதான். இங்கே ஊர் அடங்கியபின் ஓட்டுச் சந்துகளில் எலி ஓடுவதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பாள். வார்டு வேலை முடிந்து விடுதிக் கட்டிலில் சாய்கிற காலை ஏழரை மணி, இங்கே உச்சிப்பொழுது. அதனால் கோயிலில் மூவேளை செபத்துக்குப் பன்னிரண்டு மணி அடிக்கும்போது, உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குக் கண் செருகிவிடும். மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது. எழுந்து பார்க்கும்போதெல்லாம் பானைமேல் கவிழ்த்த சொம்பு ஈரமாக இருந்தது. அம்மாவின் முகத்தில், மனம்விட்டுப் பேசி முடித்தவளின் நிறைவு இருந்தது.

நாலாம் நாள் காலை கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாதம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னா ஜெர்மன்காரி, பகலெல்லாம் தூக்கமாமே? ராத்திரியில யாரு காட்டுக்குக் காவலு போற?”

“ஏரோப்ளேன்ல வந்தா ஒரு வாரம் இப்பிடித்தான் இருக்குமாம்க்கா. பாவம், அம்மாதான் இத்தினி வருசம் தனியா கெடந்துச்சு.”

“அது எங்க தனியா கெடந்துச்சு?”

மாதம்மாள் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“யாருக்கா வருவாங்க?”

“மத்தியானத்துல உங்க வூட்டுப் பக்கம் நாங்க யாரும் போறதில்ல புஷ்பா. உங்கம்மா பேசிக்கிட்டு இருக்கும். பானை மூடி எடுக்கிற சத்தம் கேக்கும். ஒருக்கா எட்டிப் பாத்தேன். அத்தோட சரி.”

“என்ன பாத்தீங்க?”

“அதுதான் உங்கம்மாவுக்கு ஆறுதலு. வுட்டுடு.” குடத்துத் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைக்க, அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று இரவு முழுக்கப் புஷ்பமேரி ஜெர்மனியில் இருந்த விடுதி அறையை நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் பனிக்காலம். சன்னலுக்கு வெளியே வெள்ளையாய் ஒன்றுமில்லாத உலகம், சுவரோரம் டிக் டிக் என்று சூடாகும் இரும்புக் குழாய், கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத பினாயில் வாடை, தமிழில் ஒரு சொல் கேட்காத வாரங்கள். தூக்கம் வராமல் அழுத ஒரு காலையில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கைக்கடிகாரத்தில் ஊர் நேரத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மனசால் வீட்டுக்கு நடப்பது. கதவைத் தள்ளுவாள். செருப்பை இடது ஓரம் விடுவாள். பானை மூடியைத் திறந்து, சொம்பில் மொண்டு குடிப்பாள். அம்மா மடியில் தலைவைப்பாள். மடியில் கண் மூடும்போது அங்கே கட்டிலில் தூங்கிப்போவாள். எட்டு வருடத்தில், லீவு நாளில்கூட, அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அம்மா சொல்லச் சொல்லக் கோயில் உபதேசியார் எழுதிய கடிதங்கள் பெட்டியில் இருந்தன. ‘நீ தினமும் வந்துபோவது ஆறுதலாக இருக்கிறது. வந்தவுடன் தூங்கிப் போய்விடுகிறாய். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதா?’ ஏக்கத்தில் கண்ட கனவு என்று அப்போது நினைத்து அழுதாள். இப்போது லாந்தர் வெளிச்சத்தில் அதே வரியைப் படிக்கும்போது அழுகை வரவில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் தூங்குவதில்லை என்று முடிவு செய்தாள். கண் முன்னால் மகள் விழித்து உட்கார்ந்திருந்தால் அம்மா வேறு யாரைத் தேடப் போகிறாள்?

இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்தாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே சுவரில் சாயாமல் உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. காய்ந்த அவரைக் கொடியின் வாசமும் சாணத்தின் வாசமும் வந்தன. எங்கோ ஒரு கோழி கேறிக்கொண்டே இருந்தது.

“அம்மா, நான் இனிமே திரும்பிப் போவமாட்டேம்மா. இங்கதான் இருப்பேன்.”

“இருங்க சிஸ்டர், உங்க வூடு மாதிரி நெனைச்சுக்கங்க. எம் மக இப்ப வந்துருவா. அவளும் உங்கள மாதிரி நர்ஸுதான்.”

“அம்மா, நான்தாம்மா புஷ்பம்.”

லூர்தம்மாள் சிரித்தாள். நல்ல மனுஷி ஒருத்தி ஏதோ விளையாட்டாய்ச் சொல்லிவிட்டாள் என்பதுபோல.

மணி அடித்தது.

மூன்று, மூன்றாக. அம்மா எழுந்து நின்று சிலுவை போட்டாள். புஷ்பமேரியின் இமைகள் கனத்தன. தொடையைக் கிள்ளினாள். எதையும் நினைக்கக் கூடாது. கதவை நினைக்கக் கூடாது.

கோழியின் சத்தம் நின்றது.

கதவு உள்பக்கம் தள்ளப்பட்டது. வெயிலோடு சேர்ந்து ஒரு குளிர் வந்தது. பினாயில் வாடை.

செருப்பு. இடது ஓரம்.

பானை மூடி.

தண்ணீர் மொள்ளும் சத்தம்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. ஊதா தாவணி. போன அன்று உடுத்தியது. ஒற்றைப் பின்னல். இருபது வயது. ஒரு நாள்கூட மூப்பேறாத இருபது வயது.

“வந்துட்டியாடி,” என்றாள் அம்மா. புஷ்பமேரி எட்டு வருடம் ஏங்கிய குரல். “ஏண்டி இவ்ளோ வேர்த்துருக்கு?”

தாவணி உரசியது. அம்மா சம்மணமிட்டாள். மடியில் ஒரு தலை இறங்கியது. அம்மாவின் விரல்கள் அந்த முடிக்குள் போயின.

இனி அதன் கண் மூடும். மூடினால் போய்விடும். எப்போதும் அப்படித்தான். புஷ்பமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு நிமிடம். இன்னொன்று.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணை மூடித் தூங்கிப்போகிறவள் அங்கே கட்டிலில் இருந்தாள். அந்தக் கட்டில் இப்போது காலி. அவளோ இங்கே, விழித்துக்கொண்டு. அவள் தூங்காதவரை இது போகாது.

நிமிர்ந்தாள்.

மடியில் கிடந்தபடி அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய கண்கள். இமைக்கவில்லை.

அம்மா குனிந்து அதன் வாயருகே காது கொடுத்தாள். முகம் மலர்ந்தது.

“இன்னைக்கு இவ தூங்கமாட்டாளாங்க சிஸ்டர். இனிமே இங்கேயே இருக்காளாம்.” சுருக்கம் விழுந்த கை அந்த நெற்றியை வருடிக்கொண்டே இருந்தது. “நீங்க கெளம்புங்க. உங்கம்மா தேடுவாங்க.”