இடது சிவப்பு, வலது பச்சை

அன்றிரவு விமானக் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: மெக்கானிக், அவன் தங்கையின் கணவனான பைலட், ஆந்தை என்று எல்லோரும் கூப்பிடும் காவல்காரர். நான்காவதாகக் கிழவியையும் சேர்க்கலாம். கிழவி ஆள் இல்லை. மெக்கானிக்கைவிட இருபது வயது மூத்த, நான்கு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன விமானம்.

இரவில் பறப்பதற்குப் புது விமானங்களிடம் சட்டம் நிறையக் கேட்கும். கிழவியின் வயதுக்குக் கொஞ்சம் சலுகை. இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை, முதுகில் விட்டுவிட்டு எரியும் ஒரு சிவப்பு, அவ்வளவு போதும். இறக்கை விளக்குகள் இரண்டும் அன்று சாயங்காலம் செத்துப்போயிருந்தன. மெக்கானிக் இரண்டு வண்ணக் கண்ணாடிகளையும் கழற்றிவைத்துப் பல்பு மாற்றினான். தபால் மூட்டைகளை ஏற்றி முடித்த பைலட், பல்பைக் கண்டுபிடித்தவனே இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டான் என்று நச்சரித்தான். வேலை முடிந்ததும் மூக்குக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று விளக்குகளை ஒரு தரம் பார்ப்பது மெக்கானிக்கின் வழக்கம். அன்று பார்க்கவில்லை. எல்லாம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

கிழவி ஓடுபாதையின் கோடிவரை இருமிக்கொண்டே ஓடி, எழும்பி, வழக்கம்போல இடப்பக்கம் திரும்பியது. எரிந்த எண்ணெயின் வாடை கொட்டகைக்குள் மெதுவாக வந்து படிந்தது. வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணாந்து பார்த்தான். இடப்பக்கம் திரும்பும்போது இடது இறக்கைதான் கொட்டகையைப் பார்க்கும். சிவப்பு தெரிய வேண்டும்.

பச்சை தெரிந்தது.

கண்ணாடிகளை மாற்றி மாட்டியிருக்கிறான்.

மேஜையில் ரேடியோ இருந்தது. கூப்பிட்டுச் சொன்னால் அரை நிமிஷ வேலை. ஆனால் அதில் பேசுவது எல்லாம் பதிவாகும். போன வருஷமே தவறான கையெழுத்துக்கு ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தான். இன்னொன்று என்றால் லைசென்ஸ் போகும், சோறு போகும். வானத்தில் இன்று வேறு யாரும் இல்லை. விடிந்து வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஆந்தை வெளியே போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். விமானம் வந்து சேர்ந்ததும் உள்ளே படுப்பவர்களோடு கதவை வெளியே பூட்டிவிடுவது அவர் வழக்கம். தகரக் கூரை குளிரில் சுருங்கி ஒவ்வொரு மூலையாக டக் டக்கென்றது. ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அதில் பைலட்டின் குரல் வந்தது. வேறு யாராவது கிளம்பினார்களா என்று கேட்டான். இல்லை என்றான் மெக்கானிக்.

"எனக்கு முன்னாடி ஒருத்தன் போறான் மச்சான். பழைய வண்டி. நம்ம மாதிரியே இடது சிவப்பு, வலது பச்சை. ஆனா வால்ல வெள்ளையக் காணோம்."

மெக்கானிக் ரேடியோவை நோக்கிக் குனிந்தான். முன்னால் போகிறவனிடம் பின்னால் வருகிறவனுக்கு வாலின் வெள்ளை மட்டும்தான் தெரியும். இரண்டு நிறமும் தெரிந்தால் அவன் எதிரே வருகிறான். எதிரே வருகிறவனின் சிவப்பு நமக்கு வலப்பக்கம் இருக்கும். எதிரே வந்தும் சிவப்பை இடப்பக்கம் காட்டுகிற விமானம் இன்று ஒன்றே ஒன்றுதான். அதற்குள் உட்கார்ந்துதான் பைலட் பேசிக்கொண்டிருக்கிறான்.

"போறவன்தானே? ஏன் பெரிசாயிட்டே இருக்கான்?"

திரும்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். காரணம் பதிவாகும். மெக்கானிக் பொத்தானை அழுத்தினான்.

"போறவன்தான் மாப்ள. நீங்க நேராப் போங்க."

இரைச்சல் மட்டும். தங்கையின் முகம் ஞாபகம் வந்தது. தள்ளிவிட்டான்.

பிறகு வெளியே எஞ்சின் சத்தம். அதே இருமல்.

ஜன்னலுக்கு ஓடினான். ஓடுபாதையின் கோடியில் இரண்டு விளக்குகள். இடது சிவப்பு. வலது பச்சை. விலகிப் போகிற மாதிரிதான் இருந்தன. பெரிதாகிக்கொண்டே வந்தன. கொட்டகையின் முன்னால் நின்றன. அணைந்தன.

மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான். தப்பித்தோம்.

"சீக்கிரமே வந்துட்டாரே," என்றது வெளியே ஆந்தையின் குரல்.

சிமெண்டுத் தரையில் பூட்ஸ் சத்தம்.

மேஜையில் ரேடியோ கரகரத்தது. "மச்சான், நீங்க சொன்ன மாதிரி நேராத்தான் போறேன். ரொம்பப் பக்கத்துல வந்துட்டான் மச்சான்."

பூட்ஸ் சத்தம் வாசலுக்கு வந்தது. ஆந்தை சிரித்தார். "என்ன சார், என்னையே பாத்துக்கிட்டு உள்ள போறீங்க?"

கதவு திறந்தது. பைலட்டின் தோல் கோட்டு. பைலட்டின் நடை. ஒவ்வோர் அடியாக மெக்கானிக்கை நோக்கி வந்தது.

தெரிந்தது முதுகு. பின்தலை. பின்கழுத்து.

வந்துகொண்டே இருந்தது.

வெளியே ஆந்தை கதவைச் சாத்தினார். பூட்டினார்.