மயில்துத்தப் படிகம் எங்கே?

சனிக்கிழமை காலை 10.25. தேநீர் குடித்துவிட்டு அறைக்குள் வந்த மரிய செல்வி மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக் குடுவை இருந்தது. அதனுள் நூலில் தொங்கிய நீலப் படிகத்தைக் காணவில்லை. அறுந்த நூல் மட்டும் கிடந்தது.

பின்னால் வந்தவர்கள் வழக்கம்போல ஸ்விட்சைத் தட்டி, மின்விசிறியை ஓடவிட்டு, நல்ல நாற்காலிக்குப் போட்டி போட்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் அவர்களுக்கு உறைத்தது.

ஆவூர் கோயிலுக்குப் பக்கத்துப் பழைய வகுப்பறையில் வாராவாரம் கூடுவது வாழ்நாள் கற்றல் வட்டம். எல்லாரும் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பேசுவதில் மட்டும் ஓய்வு பெறாதவர்கள். விராலிமலை, கீரமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருவார்கள். ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள். வீட்டில் இவர்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்று வேதியியல் பேராசிரியை மரிய செல்வியின் முறை. பொருள்: படிகம் வளரும் விதம். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் கரைசலில் நெல்லிக்காய்ப் பருமனுக்கு அவரே வளர்த்த படிகத்தை வைத்துத்தான் முழுப் பேச்சும்.

ஆனால் இது வெறும் பேச்சில்லை. ஆவூருக்கே தெரிந்த பந்தயம். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சின் நடுவே சொல் சிக்கிக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து வந்த மகள் டயானா, தனியாக விட மாட்டேன், கையோடு கூட்டிப் போகிறேன் என்றாள். "ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துக் காட்டுறேன். முடிஞ்சா இங்கிட்டே இருப்பேன். முடியலேன்னா உன்கூட வாரேன்," என்றார் தாய். விமானம் செவ்வாய்க்கிழமை.

பத்து மணிக்கே வந்து, குடுவையை மேசையில் வைத்து, கரும்பலகையில் தலைப்பெழுதி, கீழே படமும் வரைந்துவிட்டுத்தான் அவர் தேநீருக்கு வெளியே போயிருந்தார்.

"மகளே எடுத்திருக்கும்," என்று ஒரு குசுகுசுப்பு கிளம்பியது. டயானாவுக்குக் கேட்கும்படியாகவே.

"விடுங்க மேடம், கூட்டத்தைத் தள்ளிவெச்சுருவோம்," என்றார் கணிதப் பேராசிரியர் ரகுநாத். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"அடுத்த மாசம் நான் இங்க இருக்கணுமே சார்."

அப்போதுதான் பிரகதீஸ்வரி எழுந்தார். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் தலைமையில் இருந்தவர். சட்டைக் கை மடிப்பு, காலணி, மோதிரம் என்று பிட்டு ஒளிந்த இடமெல்லாம் பார்த்த கண்.

"யாரும் வெளிய போகாதீங்க. நான் வாசலுக்கு நேரா உக்காந்துதான் வடை சாப்பிட்டேன். நடுவுல உள்ள போனது மூணே பேரு."

10.35. முதலில் டயானா.

"எதுக்கு உள்ள போன?"

"போன் சார்ஜ் போட, ஆன்ட்டி."

"கல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு. போர்டுல அம்மா வரைஞ்ச படத்தைக்கூட போட்டோ எடுத்தேன்."

"அம்மா தோத்தா ஒனக்குத்தான வசதி?"

டயானாவின் முகம் சிவந்தது. "தோக்கட்டும்னு நெனச்சது நெசம். திருடணும்னு நெனக்கல."

அடுத்து மைக்செட் பெலிக்ஸ்.

"மைக்கு டெஸ்ட் பண்ணப் போனேங்க. கல்லு கில்லு எதையும் நான் பார்க்கல."

"வரும்போது ஃபேன அணைச்சீங்களா?"

"நான் ஏங்க அணைக்கப் போறேன்? ஆம்ப்ளிபயர் சூடாயிரும். ஓடட்டும்னு விட்டுட்டுத்தான் வந்தேன்."

கடைசியாக ரகுநாத்.

"மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்துட்டேன், எடுக்கப் போனேன். வேற எதையும் கவனிக்கல. ஏம் மேடம், ரிட்டையர் ஆகியும் ஸ்குவாடு வேலையை விடலையா நீங்க?"

கூட்டம் சிரித்தது. பிரகதீஸ்வரி சிரிக்கவில்லை.

10.45. "கல்லை விடுங்க," என்றார். "மேடம் போர்டுல எழுதினது எங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. கரும்பலகை துப்புரவாக இருந்தது. மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, ஒரே சீராகத் துடைத்திருந்தது. இத்தனை முனைவர்கள் இருபது நிமிடமாக அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எழுதிய மரிய செல்வி கண்ணிலும்தான்.

"நமக்குத் தோணாது. கிளாசுக்குள்ள நுழைஞ்சா போர்டு சுத்தமா இருக்கணும், ஃபேன் அணைஞ்சிருக்கணும். அதுதானே நம்ம பழக்கம்? அதனால யாருக்கும் சந்தேகமே வரல. ஆனா, திருட வந்தவன் போட்டது போட்டபடி ஓடத்தான பார்ப்பான்? இவரு அடுத்து வர்ற வாத்தியாருக்காகப் போர்டைத் துடைச்சு, ஃபேனையும் அணைச்சுட்டுப் போயிருக்காரு. யோசிச்சு செஞ்சதில்ல, கை பாட்டுக்குச் செஞ்சுருச்சு. பெலிக்ஸ் ஃபேனை ஓட விட்டவரு; நாம வந்துதான் மறுபடி ஸ்விட்சைத் தட்டினோம். டயானா போர்டைக் கண்டா போட்டோ எடுக்குற ஆளு. உள்ள போன மூணு பேருல வாத்தியார் ஒருத்தர்தான்."

அவர் ரகுநாத் பக்கம் திரும்பினார்.

"ரகுநாத் சார், கண்ணாடி உங்க மூக்குல இருக்கு. அப்ப கூட்டுக்குள்ள என்ன?"

ரகுநாத் கூட்டைத் திறந்தார். கைக்குட்டைக்குள் நீலம் பளீரென்றது.

"வியாழக்கிழமை செல்வி மேடம் எங்க வீட்டுல பேசிக் காட்டினாங்க," என்றார், தலையைத் தூக்காமல். "பாதியில ஒரு சொல் வரல. நின்னுட்டாங்க. என்னால பார்க்க முடியல மேடம். எத்தனை பேர் முன்னாடி கம்பீரமா நின்னவங்க! கல்லு தொலைஞ்சா பேச்சு தள்ளிப் போகும். தோத்ததா ஆகாதேன்னு…"

மரிய செல்வி படிகத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

"நின்னா நின்னுட்டுப் போறேன் சார். அது என் பாடு. உங்களுக்குப் பார்க்க முடியலேன்னா கண்ணை மூடிக்கங்க. என் கிளாஸ யாரும் மூட வேணாம். முன் வரிசையில வந்து உக்காருங்க."

ரகுநாத் வந்து உட்கார்ந்தார். முன் வரிசையில் அவர் அத்தனை ஒடுங்கி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

10.55. தலைப்பை மறுபடி எழுதி, வகுப்பு தொடங்கியது. குரல் முதலில் தேய்ந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. கரைசலைப் பற்றிச் சொல்லி வந்தவர் சட்டென்று நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. டயானா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ரகுநாத் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். பிரகதீஸ்வரி அவர் காலை மிதித்தார்.

மரிய செல்வி கரும்பலகைப் பக்கம் திரும்பினார். ஒரு குடுவை வரைந்தார். உள்ளே புள்ளிகள் வைத்தார், இனி ஒரு புள்ளிக்கும் இடமில்லை என்கிற வரைக்கும். அவசரப்படவே இல்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தெவிட்டிய கரைசல்," என்றார். மேலே போனார்.

11.55. டயானா எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ம்மா, ஒரு மணி நேரம் ஆயிருச்சு. நீ ஜெயிச்சுட்ட. போதும்மா."

"உக்காருடி," என்றார் மரிய செல்வி, சாக்பீசை எடுத்துக்கொண்டே. "இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வந்திருக்கேன்."